வீட்டில் புகும் அந்தும் விட்டிலும்

மாலையில் விளக்கேற்றியதும் ஒரு பூச்சி வீட்டினுள் பறந்து வந்து சுவரில் ஒட்டிக்கொள்ளுமாயின், அதனைத் துடைப்பத்தால் தட்டி வெளியே எறிந்துவிட்டு மறந்துபோவதே எங்கும் வழக்கமாக இருந்துவருகிறது. சிலர் அச்சங் கொள்வர். சிலர் விருந்தினர் வருகைக்கு அறிகுறி என்பர். அது இன்ன ஜாதிப் பூச்சி, எங்கிருந்து வந்தது என்று விசாரிப்போர் மிகச் சிலரே. ஆயினும், அறுவடை நெல்லை மூட்டைகளில் வைத்திருக்கும் குடியானவருக்கும், அந்நெல்லை ஈடாகப் பெற்றுக் கடன் கொடுத்திருக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் இவ்விசாரணை வெறும் பொழுதுபோக்காகாது. அரை அங்குல நீளமுள்ள பூச்சியொன்று, மூட்டையினுள் ஒரு மாத காலமாக நடந்துவரும் நாசத்தின் முதற் குறியாக இருக்கலாம். பக்கத்து நாற்றங்காலில் அன்றிரவு முட்டையிடவிருந்த பகையாக இருக்கலாம். அல்லது தோற்றத்தால் மட்டும் அஞ்சத்தக்கதாய், ஒருவருக்கும் ஒரு கெடுதியும் செய்யாத ஜந்துவாக இருக்கலாம். மூன்றுக்கும் செய்யவேண்டிய காரியம் வெவ்வேறு.

தமிழ் மக்கள் இப்பூச்சிகளுக்கு நெடுங்காலத்துக்கு முன்பே இரண்டு பெயர்களை வழங்கியுள்ளனர். தானியத்தில் தோன்றித் தானியத்தைத் தின்பது அந்து. வெளியிலிருந்து பறந்து வந்து விளக்கில் விழுவது விட்டில். இக்காலத்துப் புத்தகங்களில் இரண்டும் 'அந்துப்பூச்சி' என்னும் ஒரே பெயருக்குள் அடங்கிவிட்டமையால், பயனுள்ளதொரு வித்தியாசம் மறைந்துபோயிற்று. பூச்சியின் நிறத்தையும் புள்ளியையும் ஆராய்வதற்கு முன், இது அந்தா, விட்டிலா என்னும் கேள்வியையே முதலில் எழுப்புதல் வேண்டும். வீட்டுக்குள் பிறந்ததா, வெளியிலிருந்து வந்ததா என்பதே அக்கேள்வியின் பொருள்.

சென்னைக்கு வடக்கே கடலோரமாக உள்ள பிரதேசத்தில் இக்கேள்விக்கு விசேஷ முக்கியத்துவம் உண்டு. இராயபுரத்தில் 1856 ஆம் ஆண்டு ரயில் நிலையம் திறக்கப்பட்ட காலந்தொட்டு, தெற்கே துறைமுகம் முதல் வடக்கே திருவொற்றியூர், எண்ணூர் வரையில் சரக்குக் கிடங்குகளும் தொழிற்சாலைகளும் வளர்ந்துகொண்டே வந்துள்ளன. எண்ணூருக்கு வடபுறத்தில் காமராஜர் துறைமுகம் 2001 முதல் நடைபெற்று வருகிறது. கிடங்குகள் உள்ள இடத்தில் அந்துக்குக் குறைவிராது. துறைமுகங்களிலும் அனல்மின் நிலையத்திலும் மணலி ஆலைகளிலும் இரவு முழுதும் விளக்குகள் எரிகின்றன. இவ்வெளிச்சத்துக்கு அப்பால், கொசஸ்தலையாற்றைத் தாண்டி மேற்கிலும் வடக்கிலும், மீஞ்சூர், பொன்னேரி வட்டாரங்களில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று நெல் விளைகிறது. ஆகவே ஒரே தெருவில் அந்தும் விட்டிலும் அடுத்தடுத்த சுவர்களில் அமர்ந்திருப்பது இங்கு ஆச்சரியமன்று.

பூச்சியைப் பார்க்கும்போது அது பட்டாம்பூச்சியா என்னும் ஐயம் சிலருக்கு எழுவதுண்டு. பட்டாம்பூச்சியின் உணர்கொம்பு நுனியில் தடித்துத் தீக்குச்சி போலிருக்கும். அந்து, விட்டில் வகைகளின் கொம்பு நூல் போலவோ இறகு போலவோ இருக்கும். பட்டாம்பூச்சி ஓய்வில் இறக்கைகளை முதுகின்மேல் நிமிர்த்திச் சேர்த்துக்கொள்ளும். மற்றவை கூரை போலச் சரித்தோ, தட்டையாக விரித்தோ வைத்துக்கொள்ளும். மழைக்கு மறுநாள் கூட்டமாக வந்து இறக்கை உதிர்க்கும் ஈசல் இவ்வினத்தைச் சேர்ந்ததன்று. அது கறையான் குலம். இறக்கையைத் தொட்டால் விரலில் பொடி ஒட்டுகிறதா என்பதே நம்பத்தக்க சோதனை. அப்பொடி உண்மையில் மிக நுண்ணிய செதில்கள். அது கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்று சிறுவரை அச்சுறுத்துவது உண்மைக்குப் பொருந்தாது. உறுத்தினால் தண்ணீரால் கழுவிக்கொண்டால் போதுமானது.

அந்து வகைகள்

வீட்டுக்குள்ளே பிறப்பவற்றுள் இரண்டை அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம். முதலாவது நெல் அந்து. வைக்கோல் நிறம், இறக்கை விரித்தால் நுனிக்கு நுனி அரை அங்குலத்துக்குச் சிறிது கூடுதல். பின் இறக்கையின் நுனி விரல் நீட்டியது போல் கூர்மையாக இருப்பதும், அதன் ஓரத்தில் இறக்கையின் அகலத்தையும் மிஞ்சும் நீண்ட மயிர்த்தொங்கல் இருப்பதும் இதன் தவறாத அடையாளங்கள். பூதக்கண்ணாடி கிடைத்தால் இவற்றை ஒரு நொடியில் பார்த்துவிடலாம். இரண்டாவது அரிசி அந்து. இது சற்றுப் பெரிது. இறக்கை விரிவு ஓர் அங்குலத்தை நெருங்கும். சாம்பல் கலந்த பழுப்பு நிறம். இறக்கையில் புள்ளியோ பட்டையோ இன்றி, நரம்புகள் மட்டும் சற்றுக் கறுத்துத் தெரியும். அமரும்போது இறக்கைகளை உடலோடு இறுகச் சுற்றிக்கொள்வதால், சுவரில் ஒட்டிய சிறு குச்சித் துண்டு போலக் காணப்படும்.

இவ்விரண்டையும் பிரித்தறிவதனால் என்ன பிரயோஜனம் எனில், எந்தப் பாண்டத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது உடனே விளங்கிவிடும். நெல் அந்தின் புழு உமியோடு கூடிய முழு மணிக்குள் துளைத்துப் புகுந்து, அந்த ஒரு மணிக்குள்ளேயே வளர்ந்து, உள்ளே கூண்டுப்புழுவாகி, வட்டமான சிறு துவாரத்தின் வழியே பூச்சியாய் வெளிவருகிறது. முட்டை முதல் பூச்சி வரையில் ஏறக்குறைய ஐந்து வாரங்கள். அதுகாறும் மூட்டையின் வெளித்தோற்றத்தில் யாதொரு மாறுதலும் இராது. எனவே சுவரில் நெல் அந்தைக் காணும்போது முதல் தலைமுறையின் சேதம் முடிந்துபோயிருக்கிறது. இரண்டாம் தலைமுறையின் முட்டைகள் இடப்பட்டுக்கொண்டிருக்கின்றன என்று கொள்ள வேண்டும். ஒரு பெண் பூச்சி நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை இடக்கூடும். பிடி நெல்லைத் தண்ணீரில் போட்டு, மிதக்கும் மணிகளைப் பிளந்து பார்த்தால் உண்மை தெரியும். துவாரமுள்ள மணிகளை விதைத்தால் பெரும்பாலும் முளை காண்பதரிது. ஆதலால் விதை நெல்லில் இச்சோதனையைத் தள்ளிப்போடலாகாது.

அரிசி அந்தோ முழு நெல்லை விரும்புவதில்லை. குத்திய அரிசி, குறுநொய், ரவை, மாவு, கம்பு, எள், நிலக்கடலைப் பருப்பு இவையே அதன் புழுவுக்கு உணவு. புழு நூல் நூற்று மணிகளை ஒன்றோடொன்று பிணைத்துக் கட்டியாக்கிவிடும். ரவைப் பானையில் கைவிட்டால் சிலந்தி வலை போன்ற இழையில் கட்டிகள் தொங்கி வருமாயின், சுவரில் இருந்தது இன்ன பூச்சி என்பதற்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை. பூச்சி எதையும் தின்பதில்லை. ஒரு வாரமளவே உயிர் வாழும். சேதம் முழுவதும் புழுவினால் உண்டாவது. அதனால் பூச்சியை அடித்துக் கொன்றதோடு திருப்தியடைவது, களவு போனபின் கதவைச் சாத்துவதை ஒக்கும்.

அரிசி அந்தின் சாஸ்திரப் பெயர் கார்சைரா கெபலோனிகா. கார்சைரா, கெபலோனியா இரண்டும் கிரேக்க தேசத்துத் தீவுகளின் பெயர்கள். இதனை 1866 இல் வருணித்துப் பெயரிட்டவர் ஸ்டெயின்டன் என்னும் ஆங்கிலேயர். நம் அரிசிப் பானையின் பூச்சிக்கு அயல்நாட்டுத் தீவின் பெயர் வாய்த்ததில் வியப்பில்லை. கப்பல் சென்ற இடமெல்லாம் அதுவும் சென்றிருக்கிறது. 1942 இல் பர்மா ஜப்பானியர் வசமாகும் வரையில் சென்னைத் துறைமுகத்துக்குப் பர்மா அரிசி ஏராளமாக வந்துகொண்டிருந்தது. அத்தகைய சரக்கு நடமாட்டமே இப்பூச்சிகள் உலகெங்கும் பரவுவதற்கு வழி. துறைமுகங்களில் செடி, விதை முதலியவற்றோடு அயல்நாட்டுப் பூச்சிகள் இறங்குவதைத் தடுக்கவே 1914 ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் பூச்சி, நோய்த் தடைச் சட்டம் ஒன்றை இயற்றிற்று. பெயரைக் கொண்டு பிறப்பிடத்தைத் தீர்மானிப்பது எவ்வளவு தவறானது என்பதற்கு மற்றோர் உதாரணமும் உண்டு. உலர்ந்த பழங்களிலும் கொட்டைகளிலும் காணப்படும், இறக்கையின் வெளிப்பாதி செம்பு நிறமான ஒரு சிறு அந்துக்கு ஆங்கிலத்தில் இந்திய மாவு அந்து என்று பெயர். அந்த 'இந்திய' என்னும் சொல் அமெரிக்கப் பழங்குடிகளின் மக்காச்சோளத்தைக் குறிப்பதேயன்றி நம் தேசத்தைக் குறிப்பதன்று.

பரிகாரம் சொல்ல நீண்ட இடம் வேண்டா. நெல்லை நன்றாக வெயிலில் காயவைத்து, ஈரம் நூற்றுக்கு 12 பங்குக்கு மேற்படாத நிலையில் மூட்டை கட்ட வேண்டும். பழைய கோணிகளின் தையல் மடிப்புக்களில் புழுக்கள் ஒளிந்திருக்குமாதலால், கோணியை உதறி, கொதிநீரில் நனைத்து உலர்த்திய பின்னரே மறுபடி உபயோகிக்கலாம். மூட்டைகளைத் தரையில் வைக்காமல் பலகை மேலும், சுவரினின்று இரண்டடி தள்ளியும் அடுக்குதல் வேண்டும். நெல் அந்து வயலிலேயே முதிர்ந்த கதிரில் முட்டையிடத் தொடங்குவதாகையால், அறுத்த பயிரைக் களத்தில் வாரக்கணக்கில் போட்டுவைப்பது அதற்கு விருந்து வைப்பதாகும். குவியலாகக் கொட்டிவைத்த நெல்லில் அது மேற்பரப்பில் ஏறக்குறைய ஓரடி ஆழத்துக்குக் கீழே செல்வதில்லை. ஆகவே குவியலின் மேற்பாகத்தை மட்டும் எடுத்துப் புடைத்துக் காயவைத்தாலும் பெரும் பயனுண்டு. வேப்பிலை, நொச்சியிலை, வசம்பு இவற்றை மூட்டைகளுக்கிடையே வைக்கும் பழைய வழக்கம் நல்லதே. ஆனால் ஈர நெல்லை அவை காப்பாற்றும் என்று எதிர்பார்க்கலாகாது. வீட்டிலுள்ள சிறிதளவு ரவையும் மாவுமானால் குளிர்ப்பெட்டியின் உறைபகுதியில் ஒரு வாரம் வைத்தெடுத்தால் முட்டைகளும் மடியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். கிடங்குகளில் புகையூட்டுவதற்கு உபயோகிக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளை எவரும் வீட்டுக்குக் கொண்டுவரலாகாது. அவற்றினின்று எழும் நச்சுவாயு, பூச்சியைக் கொல்வது போலவே உறங்கும் குழந்தையையும் கொல்லும். பயிற்சி பெற்றோர், மனிதர் வசிக்காத கிடங்கில், காற்றுப் புகாமல் மூடிச் செய்ய வேண்டிய வேலை அது. சங்கக் கிடங்கிலாயினும் அங்கத்தினர் தாமே முயலாமல் அத்தகையோரை அழைப்பதே முறை.

இத்தனை உபத்திரவம் செய்யும் அரிசி அந்தை மனிதர் வேண்டுமென்றே வளர்க்கும் இடமும் ஒன்றுண்டு. டிரைக்கோகிரம்மா என்னும் குளவி, கடுகினும் சிறியது. பிற பூச்சிகளின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அதனை அழிப்பது. அக்குளவியைப் பெருக்குவதற்குக் கம்பு தானியத்தில் அரிசி அந்தை வளர்த்து, அதன் முட்டைகளை அட்டையில் ஒட்டி, குளவிக்கு இரையாகக் கொடுக்கின்றனர். அவ்வட்டைகளை வயலில் கட்டினால், வெளிவரும் குளவிகள் நெற்பயிரிலும் கரும்பிலும் உள்ள பகைப்பூச்சிகளின் முட்டைகளைத் தேடிச் செல்கின்றன. பானையில் சத்துருவாக இருப்பது ஆய்வுசாலையில் உதவியாளாகிறது. கீழே சொல்லப்போகும் குருத்துப்பூச்சிக்கு இவ்வட்டையே சிறந்த மருந்து.

அந்து என்று தவறாக எண்ணப்படுபவை சில. வெள்ளையடித்த சுவரில் வெள்ளரி விதை போன்ற தட்டையான சாம்பல் நிறக் கூடொன்று மெல்ல ஊர்ந்து செல்வதை எல்லா வீட்டாரும் பார்த்திருப்பர். அதனுள் இருப்பது ஒரு சிறு அந்தின் புழு. மணல், தூசி, மயிர் இவற்றைத் தன் நூலால் ஒட்டிச் செய்த கூட்டின் இருபுறமும் வாயிலுண்டு. எப்பக்கம் வேண்டுமோ அப்பக்கம் தலையை நீட்டும். பழைய சிலந்தி வலையும் உதிர்ந்த மயிரும் கம்பளி இழையும் இதற்கு உணவு. தானியத்தை இது நாடுவதில்லை. ஒட்டடை அடித்தால் தானே ஒழியும். மற்றொன்று, காசிமேடு, இராயபுரம் பக்கங்களில் கருவாடு வைத்திருக்கும் வீடுகளில் காணப்படும் மயிரடர்ந்த புழு. இதனைக் கம்பளிப்பூச்சியென்றும், அந்தின் குட்டியென்றும் பலர் நினைக்கின்றனர். இது தோல் வண்டு என்னும் வண்டினத்தின் புழு. இதனைக் கண்டு அரிசிப் பானையைச் சோதிப்பது வீண்வேலை. கருவாட்டைத்தான் மறுபடி வெயிலில் போட வேண்டும்.

விட்டில் வகைகள்

விளக்கை நாடி வருவன எண்ணிறந்தவை. உலகில் இதுவரை பெயரிடப்பட்ட அந்து, விட்டில் ஜாதிகள் ஏறக்குறைய ஒரு லட்சத்து அறுபதினாயிரம்; இந்தியாவில் மட்டும் பதினாயிரத்துக்கு மேற்பட்டவை. இவற்றுள் குடியானவர் பெயர் சொல்லி அறியவேண்டியவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. மற்றவற்றுக்குப் பெயர் தெரியாவிடினும் நஷ்டமில்லை.

முதலிடம் பெறுவது நெற்குருத்துப்பூச்சி. பெண் பூச்சியின் முன் இறக்கை வைக்கோலினும் அழுத்தமான மஞ்சள்; ஒவ்வோர் இறக்கையின் நடுவிலும் ஒரே ஒரு கறுப்புப் புள்ளி பொட்டிட்டது போல் இருக்கும். வயிற்றின் நுனியில் மஞ்சட் பழுப்பான மயிர்க்கற்றை உண்டு. ஆண் சிறியது, மங்கிய பழுப்பு, புள்ளி தெளிவாயிராது. மஞ்சள் நிறத்தைக் கண்டு இதனை நெல் அந்தென்று மயங்குவோர் உளர். கறுப்புப் பொட்டையும் பெரிய உருவத்தையும் பார்த்தால் மயக்கம் தீரும். மூட்டையைத் திறந்து பார்த்து ஒன்றும் காணாமல் நிம்மதியாக உறங்கிவிடுவது இம்மயக்கத்தின் விளைவு. வயலிலோ அந்நேரத்தில் முட்டைக் குவியல்கள் இலை நுனிகளில் இடப்பட்டுக்கொண்டிருக்கும்.

பெண் தன் வயிற்று மயிரால் முட்டைகளை மூடிவைக்கும். அதனால் இலை நுனியில் பழுப்பான பஞ்சுத் துணுக்கு ஒட்டியது போல் காணும். ஒரு வாரமளவில் அவை பொரிந்து, புழுக்கள் தண்டைத் துளைத்து உள்ளே செல்லும். இளம்பயிரில் நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வந்துவிடும். கதிர் வந்த பயிரில் மணியற்ற வெண்கதிர் நிற்கும். புழு தண்டுக்குள் புகுந்தபின் மேலே தெளிக்கும் மருந்து அதனைச் சென்றடைவது கடினம். ஆகையால் பூச்சி விளக்குக்கு வரும் அந்தச் சில நாட்களே குடியானவருக்குக் கிடைக்கும் அவகாசம். பொன்னேரி, மீஞ்சூர்க் கிராமங்களில் வீட்டுத் திண்ணை விளக்கில் நாலைந்து பொட்டிட்ட மஞ்சட் பூச்சிகள் ஒரே இரவில் கண்டால், மறுநாட் காலையிலேயே நாற்றங்காலுக்குச் சென்று இலை நுனிகளைப் பார்க்க வேண்டும். சதுர மீட்டருக்கு இரண்டு முட்டைக் குவியல்கள் இருப்பின் நடவடிக்கைக்குரிய நிலை வந்துவிட்டதென்பது வேளாண் துறையார் வகுத்துள்ள கணக்கு. நடவுக்கு முன் நாற்றின் நுனியைக் கிள்ளிவிடுதல் செலவில்லாத வைத்தியம். கிள்ளிய நுனிகளை வரப்பில் போட்டுவிடாமல் அழித்துவிட வேண்டும். நட்டபின், முட்டைக் குவியல் காணும் தருணத்தில், மேற்சொன்ன குளவி அட்டைகளை ஹெக்டேருக்கு ஒரு லட்சம் குளவிகள் வீதம் கட்டலாம். ஒருவர் வயலில் மட்டும் கட்டுவதைக் காட்டிலும், சங்கத்தின் மூலம் ஒரே சமயத்தில் அட்டை வாங்கி ஓர் ஊரின் வயல்கள் முழுமைக்கும் கட்டுவது பலன் தரும். பூச்சி வரப்பை மதிப்பதில்லை.

இதனோடு வரும் மற்றொரு சிறு விட்டில் இலைச்சுருட்டுப்பூச்சி. பொன் பழுப்பான இறக்கையில் குறுக்கே கரிய அலைக் கோடுகள் இரண்டும், அரைக் கோடொன்றும் உண்டு. இதன் புழு இலையை நீளவாட்டில் மடித்து உள்ளிருந்து பச்சையைச் சுரண்டும். கண்டவுடன் அஞ்சவேண்டியதில்லை, பயிர் இளமையாயின் பெரும்பாலும் தேறிக்கொள்ளும்.

மானாவாரி நிலக்கடலை பயிரிடுவோர், கோடையின் இறுதியில் பெய்யும் பெருமழைக்குப் பின் ஓரிரு இரவுகள் விளக்கைக் கவனித்திருக்க வேண்டும். மண்ணுக்குள் பத்து மாதமளவு கூண்டுப்புழுவாய்க் கிடந்த செங்கம்பளிப் பூச்சி அம்மழைக்கே காத்திருந்து கூட்டமாக வெளிவருகிறது. வெண்ணிற இறக்கையில் பழுப்புக் கீற்றுகளும், முன்னோரத்தில் மஞ்சட் பட்டையும், பின் இறக்கையில் கறும்புள்ளிகளும் உள்ளது. ஊரார் ஒன்றுகூடி வயலோரங்களில் சொக்கப்பனை கொளுத்தி இதனை விழச்செய்வது பழைய முறை. அந்த முறை ஒரே இரவில் எல்லோரும் சேர்ந்து செய்தால் மட்டும் பயன்படும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் கொல்லையில் முருங்கை உள்ள வீடுகளில் வெளிர் மஞ்சட் பழுப்பான பெரிய பூச்சியொன்று புகுவதுண்டு. இது முருங்கைக் கம்பளிப்பூச்சியின் தாய். பூச்சி தீண்டினால் கேடில்லை. ஆனால் சில வாரங்களில் அடிமரத்தில் நூற்றுக்கணக்கான கம்பளிப்புழுக்கள் திரள்வதையும், அவற்றின் மயிர் பட்டவிடமெல்லாம் அரிப்பதையும் முருங்கை வைத்திருப்போர்க்கு எடுத்துச்சொல்ல வேண்டுவதில்லை. மழை நின்ற இரவில் மரத்தருகே விளக்கொன்றை நீர்த் தொட்டியின்மேல் தொங்கவிட்டால் பூச்சிகள் பெருமளவில் நீரில் விழுந்து மடியும்.

புதிதாக வந்த ஒன்றையும் குறிப்பிடல் தகும். அமெரிக்கக் கண்டத்துக்குரிய மக்காச்சோளப் படைப்புழு 2016 இல் ஆப்பிரிக்காவில் காணப்பட்டு, 2018 இல் கர்நாடகத்தில் முதன்முதல் அறியப்பட்டு, அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டிலும் பரவிற்று. ஆண் பூச்சியின் சாம்பல் இறக்கை நுனியில் வெள்ளைத் திட்டு உண்டு. பெண்ணைக் கண்ணால் மட்டும் பார்த்து உறுதிசெய்வது கற்றோர்க்கும் கடினம்.

அஞ்சப்படுபவை

வீட்டாரைப் பெரிதும் கலங்கச் செய்பவை பெரிய விட்டில்களே. இவற்றால் வரும் தீங்கோ மிகக் குறைவு. உள்ளங்கையளவு விரிந்த கரும்பழுப்பு இறக்கையும், இறக்கைக்கொன்றாக ஆந்தைக் கண் போன்ற சுழியும் உடைய விட்டில், மழைக்காலத்தில் இருண்ட மூலைகளைத் தேடிப் பகலிலும் உள்ளே வந்து தங்கும். அக்கண் பறவைகளை மிரட்டுவதற்காக அமைந்தது. பூச்சிக்கு அதனால் பார்வையில்லை. பச்சைப் பளிங்கு போன்ற அழகிய நிறமுள்ள பருந்து விட்டில் அரளிச் செடியிலிருந்து வருவது. அரளி, நந்தியாவட்டை இலைகளைத் தின்னும் அதன் புழுவைத் தோட்டத்தில் தேடினால் கிடைக்கும். இன்னொரு ஜாதியின் முதுகில் மண்டையோடு போன்ற குறியிருப்பதும், பிடித்தால் அது கீச்சென்று ஒலிப்பதும் பல தேசத்தாரையும் நடுங்கச் செய்திருக்கின்றன. அந்த ஒலி வாயினுள் காற்றை இழுத்து விடுவதால் உண்டாவது. கொட்டுவதற்கு அதனிடம் கொடுக்குக் கிடையாது. எள் வயலில் வாலருகே கொம்புள்ள பருத்த புழுவைக் கண்டவர்கள் அதன் இளமையைக் கண்டவர்களாவர். தேன்கூட்டில் புகுந்து தேன் குடிக்கும் பழக்கமுள்ளதால், தேனீ வளர்க்கும் அங்கத்தினர் மட்டும் கூட்டின் வாயிலைக் குறுக்கிவைக்க வேண்டும். காஞ்சிபுரத்து நெசவாளர் நெய்யும் பட்டும் ஒரு விட்டிலின் புழு நூற்ற நூலே என்பதை நினைத்தால், இவ்வினம் முழுவதையும் வெறுப்பதற்கு நியாயமில்லை என்பது விளங்கும்.

விட்டில் ஏன் விளக்கில் விழுகிறது என்பதற்குப் பலகாலமாகப் பல காரணங்கள் சொல்லப்பட்டு வந்தன. சந்திரனென்று மயங்குகிறது என்றனர்; வெப்பத்தை நாடுகிறது என்றனர். அதிவேகப் படக்கருவிகளால் பறக்கும் பூச்சிகளைப் படம் பிடித்து ஆராய்ந்தோர் 2024 ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு வேறு. இரவில் தரையைவிட வானமே சற்று ஒளியுள்ளது. ஆதலின் பறக்கும் பூச்சி, ஒளி உள்ள பக்கத்துக்கு முதுகைக் காட்டினால் உடல் நிமிர்ந்திருக்கும் என்னும் இயல்புணர்ச்சி உடையது. விளக்கருகே வந்ததும் அதற்கே முதுகைத் திருப்ப முயன்று, திசை தடுமாறிச் சுற்றிச் சுற்றி விழுகிறது. தூரத்திலுள்ள பூச்சியை விளக்கு இழுப்பதைவிட, அருகே பறந்து செல்லும் பூச்சி சிக்கிக்கொள்வதே அதிகம் என்பது இதனால் தெளிவாகிறது. ஆகவே திண்ணை விளக்கில் குருத்துப்பூச்சி விழுந்தால் நெல்வயல் அணித்தே உள்ளதென்று கொள்வது பெரும்பாலும் தவறாகாது. சுற்றுமுற்றும் வயலே இல்லாத இராயபுரத்துச் சந்து வீட்டில் மஞ்சட் பூச்சி பறந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மூட்டையை. நீலம் கலந்த வெண்ணொளி விட்டில்களை மிகுதியாகச் சிக்கவைக்கும். வாயிற்படியில் மங்கிய மஞ்சள் விளக்கிட்டால் வருகை குறையும்.

பிடிப்பதும் அனுப்புவதும்

அடையாளம் ஐயமானால் பூச்சியை நசுக்காமல் பிடித்துவைக்க வேண்டும். அமர்ந்திருக்கும் பூச்சியின்மேல் கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்து, அடியில் ஒரு தபால் அட்டையைச் செருகினால் போதும். தம்ளரோடு சில மணி நேரம் குளிர்ப்பெட்டியின் உறைபகுதியில் வைத்தால் இறக்கை கெடாமல் இறந்துவிடும். கைத் தொலைபேசியில் படமெடுப்பின், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, மேலிருந்து ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாக எடுத்தல் நலம். அளவு தெரியாத படத்தைக் கொண்டு நெல் அந்தையும் குருத்துப்பூச்சியையும் பிரிக்க இயலாது.

இத்துறையில் வழிகாட்டிய நூல்கள் பெரும்பாலும் இப்பக்கத்து அனுபவத்தில் எழுந்தவை. நீலகிரியில் தேயிலைத் தோட்டம் நடத்திய ஹாம்ப்சன் இந்திய அந்துகளைப் பற்றி நான்கு பாகங்களை 1892 முதல் 1896 வரை எழுதி வெளியிட்டார். பிளெச்சர் எழுதிய தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய நூல் 1914 இலும், டி. வி. இராமகிருஷ்ண ஐயரின் பயிர்ப்பூச்சிக் கைந்நூல் 1940 இலும் சென்னை அரசாங்க அச்சகத்தில் அச்சாயின. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 2018 இல் திறக்கப்பட்ட பூச்சி அருங்காட்சியகத்தில் இவற்றின் பதப்படுத்திய உருவங்களை நேரில் பார்க்கலாம். திருவள்ளூர் மாவட்டத்தாருக்கு அவ்வளவு தூரம் செல்ல வேண்டியதில்லை. 1904 இல் இம்மாகாணத்தின் முதற் கூட்டுறவுக் கடன் சங்கம் அமைந்த அதே திரூரில் இப்போது நெல் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன.

சங்க அலுவலகத்தில் ஒரு பூதக்கண்ணாடியும், பஞ்சு வைத்த சில தீப்பெட்டிகளும், ஒரு குறிப்புப் புத்தகமும் வைத்திருப்பதற்கு ஆகும் செலவு அற்பமே. அங்கத்தினர் கொண்டுவரும் பூச்சியோடு நான்கு விவரங்களைப் பென்சிலால் எழுதிவைக்க வேண்டும்: பிடித்த தேதி, ஊரும் தெருவும், விளக்கருகேயா, மூட்டையருகேயா, அன்றோ முந்திய நாளோ மழை பெய்ததா. மூட்டையருகே பிடித்தது என்று எழுதியிருப்பின், அந்த மூட்டையிலிருந்து ஒரு பிடி நெல்லும் கூடவே வர வேண்டும்.